கல்லோடு கார் பழகிய கதை

“...கையில பலம் பத்தாது சேர். கொழுந்து பறிச்ச கைதானே, ஹேண்ட் பிரேக்க முழுசா இழுக்கத் தெரியல” என்று கார் பழக்கும் மாஸ்டர் லைசன்ஸ் பரிசோதகரிடம் சிங்களத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குச் சிங்களம் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். நான் இன்னும் டிரைவர் சீட்டில்தான் இருந்தேன். ஏற்றத்தில் நிறுத்திய கார் பின்னால் உருண்டு, ஒரு கல்லில் முட்டி நின்றிருந்தது.

அந்தக் கல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் தேயிலை மலைப் பக்கத்தில் வண்டியை ஏற்றத்தில் நிறுத்தினால் யாராவது குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைப்பார்கள். கொழுந்து லொறிக்கும் அப்படித்தான், கல்யாண வேனுக்கும் அப்படித்தான். அதில் தப்பில்லை. ஆனால் ஹட்டனில் நாங்கள் கார் பழகப் போன லேர்னர்ஸில் மாஸ்டர் அதையே பாடமாக்கி வைத்திருந்தார். காரின் ஹேண்ட் பிரேக் செத்து எத்தனை வருடமோ. பின்சீட்டில் முறைக்குக் காத்திருப்பவரின் காலடியில் கல் கிடக்கும். தேங்காய்ப் பருமன், ஒரு பக்கம் தட்டை. ஓட்டுகிறவர் ஏற்றத்தில் நிறுத்தியதும் பின்னால் இருப்பவர் இறங்கி அதை வைக்க வேண்டும். கார் கிளம்பியதும் கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து ஏற வேண்டும்.

மாஸ்டரின் வாயில் எந்நேரமும் வெற்றிலை. பாதிப் பாடம் விரலால்தான் நடக்கும். முன் ஜன்னல் வழியாக எச்சில் துப்புவார். பின் ஜன்னல் கண்ணாடி மேலே ஏறாது. அதனால் துப்பியதில் கொஞ்சம் எங்கள் மேலேயே வந்து விழும். வளைவுகளில் யார் யாரோ எடுத்த வாந்தி சீட்டின் பஞ்சுக்குள் இறங்கியிருந்தது. மழை நாளில் அது எழுந்து எங்களோடு உட்கார்ந்துகொள்ளும். என்னோடு கார் பழகிய தங்கச்சி ஒருத்தி, டவுன் தையல் கடையில் வேலை செய்கிறவள், மூக்கைப் பொத்திக்கொண்டு சொல்வாள்: “எங்கம்மா என்னைய வீட்டுக்குள்ள எடுக்கிறதே இல்லக்கா. வாசல்லயே ஒரு வாளி தண்ணிய ஊத்திட்டுத்தான் தேத்தண்ணி குடுக்குது.”

ஒருநாள் அவள் தூக்கிவந்த கல்லில் இரண்டு அட்டைகள். ஒன்று என் கணுக்காலில் ஏறிவிட்டது. மாஸ்டர் திரும்பிப் பார்த்து, “ரத்தம் குடுக்காம லைசன்ஸ் கெடைக்குமா?” என்று சிரித்தார். வாய் நிறையச் சிவப்பு. கல்லின் மேல் காய்ந்திருந்ததும் அதே சிவப்புத்தான். அன்று இரவு என்னால் சோற்றைக் கையால் பிசைந்து சாப்பிட முடியவில்லை.

இவ்வளவையும் சகித்துக்கொண்டது ஒரு வேனுக்காக. கொழுந்து வேலையை விட்ட பிறகு, தோட்டத்துப் பிள்ளைகளை டவுன் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகும் வேனில் அவர்களை ஏற்றி இறக்கும் வேலை எனக்கு. அந்த வேனின் டிரைவர் வேலையை விட்டுப் போவதாக இருந்தார். “பள்ளிக்கூடம் தொறக்கிறதுக்குள்ள லைசன்ஸ் எடுத்துட்டு வாங்க, வேன ஒங்க கையில தர்றேன். இல்லாட்டி வெளியாளத்தான் போடணும்” என்றார் வேன் சொந்தக்காரர். தாய்மாருக்கெல்லாம் சந்தோஷம். பக்கத்து லயத்து வீட்டுக்காரி ஒருத்தி, “நீங்க ஓட்டுங்கக்கா. அப்பவாவது எங்க வீட்டு ஆளு பயந்து நடு ரோட்ட விட்டு ஓரமா நடந்து வருவாரு” என்றாள்.

லைசன்ஸ் ட்ரயலுக்கு ஒரு வாரம் முன்பு மாஸ்டரிடம் கேட்டேன்: “அன்னிக்குப் பின்சீட்டுல கல்லு வைக்க ஆள் இருக்க மாட்டாங்களே. ஹேண்ட் பிரேக் என்ன கதி?”

“அதெல்லாம் செஞ்சிருவோம்மா. நீங்க ஓட்டுறதப் பாருங்க.”

ட்ரயல் அன்று காலையில் மறுபடி கேட்டேன். “செஞ்சாச்சு, செஞ்சாச்சு. ஏறுங்க, பரிசோதகர் மாத்தயா வர்றாரு” என்றார். நம்பி ஏறினேன்.

பரிசோதகர் சொன்னதையெல்லாம் ஒழுங்காகச் செய்தேன். ரிவர்ஸ்கூடக் கோட்டைத் தொடாமல் வந்தது. கடைசியாக ஏற்றம். நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, இரண்டு காலையும் எடுக்கச் சொன்னார். இழுத்தேன். தண்ணீர் வற்றிய பம்பின் பிடி மாதிரி அது லேசாக மேலே வந்தது. காலை எடுத்தேன், கார் பின்னால் போனது. நான் பிரேக்கை மிதிப்பதற்குள் ஓரத்தில் நின்ற மாஸ்டர் பாய்ந்து வந்து சக்கரத்துக்குக் கல்லைப் போட்டார். அவர் அதை எங்கும் தேடவில்லை. கையிலேயே வைத்திருந்தார்.

பரிசோதகர் இறங்கி என்னவென்று கேட்டார். அப்போதுதான் மாஸ்டர் என் கையைப் பற்றிச் சொன்னார். பன்னிரண்டு வருடம் கொழுந்து பறித்து, மழையில் நனைந்த கூடையை மலை இறக்கிய கைக்குப் பலம் பத்தாதாம்.

“மாத்தயா, இந்த பிரேக் வேலை செய்யாது” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சிங்களத்தில் அந்த வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அடுத்த ட்ரயலுக்கும் இதே காரில்தான், இதே மாஸ்டரோடுதான் வர வேண்டும் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன். அந்த வாந்தி நாற்றம் மறந்துபோனது. வாயை மூடிக்கொண்டதை நினைத்தால்தான் இன்னும் குமட்டுகிறது.

பரிசோதகர் தாளில் கோடு போட்டார். அடுத்த முறை வாருங்கள் என்றார். பள்ளிக்கூடம் திறக்க இரண்டு வாரம் இருந்தது. வேன் வெளியாளுக்குப் போய்விட்டது என்று அப்போதே தெரிந்துவிட்டது. நான் இறங்க, தையல் கடைத் தங்கச்சி என் இடத்தில் ஏறினாள். ஏறும்போது என் முகத்தைப் பார்த்தாள்.

மாஸ்டர் ஓரமாகத் திரும்பி எச்சில் துப்பினார். குனிந்து சக்கரத்தடியில் இருந்த கல்லை எடுத்தார். அதை முதுகுக்குப் பின்னால் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஏற்றத்தின் ஓரத்தில் போய் நின்றார்.