என் வாயைத் திருத்த வந்த ஏஜெண்ட்

நடிக்க வேண்டுமென்றால் ஏஜெண்ட் வேண்டுமாம். கோலாலம்பூரில் தொலைக்காட்சி நாடகம் எடுக்கிற கம்பெனிகளுக்கு என் வீடியோவை அனுப்பினேன். "உங்க ஏஜெண்ட் மூலமா வாங்க" என்று பதில் வந்தது. சரியென்று ஏஜெண்டுகளுக்கு அனுப்பினால், "இதுக்கு முன்னாடி எதுல நடிச்சிருக்கீங்க?" என்று கேட்டார்கள். நடித்தவளுக்குத்தான் ஏஜெண்ட், ஏஜெண்ட் இருப்பவளுக்குத்தான் நடிப்பு. நல்ல நியாயம்தான்! கோயில் திருவிழா மேடையில் கங்காணி மண்டோரைத் திட்டி நான் நடித்தபோது எங்கள் ரப்பர் தோட்டமே விழுந்து விழுந்து சிரித்ததெல்லாம் அவர்கள் கணக்கில் சேராது.

எங்கள் பக்கத்துச் சுங்கைப் பட்டாணியில் ஏஜெண்ட் என்ற பெயரில் உலவியவர் ஒரே ஒருவர்தான். கல்யாண விருந்துகளில் மைக் பிடித்து, பொண்ணு மாப்பிள்ளைக்குக் கைதட்டல் கேட்கிற மனிதர். தையல் கடைக்கு மேல்மாடியில் ஓர் அறை, சுவர் நிறைய அவருடைய படங்களே. அறைக்குள்ளும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றமாட்டார். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று நானும் போய் நின்றேன்.

மண்டோரைத் திட்டும் காட்சியைத்தான் நடித்துக் காட்டினேன். அவர் காலை ஆட்டிக்கொண்டே பார்த்தார்.

"நடிப்பு இருக்கு தங்கச்சி. ஆனா வாயத் தொறந்தா தோட்டத்து வாடை அடிக்குது. சும்மா சும்மா 'லா' போடுற, மலாய் கலக்குற. ஸ்கிரீனுக்கு இது ஆகாது லா" என்றார்.

அவர் போட்ட 'லா' அவர் காதில் விழவில்லை.

பிறகு பயிற்சி ஆரம்பமானது. "வந்தாக, போனாக, என்ன புள்ள இப்புடி மசமசன்னு நிக்கிற" என்று அவர் சொல்லச் சொல்ல நானும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டுக் கிராமங்களைத் தொலைக்காட்சியில் தவிர வேறெங்கும் பார்த்திராத மனிதர் எனக்குக் கிராமத்துத் தமிழ் கற்பித்தார். நானும் வெட்கமில்லாமல் கையுறைத் தொழிற்சாலை வேலைக்கு மோட்டார் சைக்கிளில் போகும்போதெல்லாம் அதையே முணுமுணுத்தேன். ஒரு நாள் கடையில் அதே வாயோடு கோப்பி கேட்டுவிட்டேன். கடைக்கார அக்கா குரலைத் தாழ்த்தி, "தமிழ்நாட்டுலருந்து எப்பம்மா வந்த? வேலை பெர்மிட் இருக்கா?" என்று கேட்டார். நான் பிறந்தது பத்து நிமிட தூரத்திலிருக்கிற சுங்கை லாலாங்கில்!

வாயோடு விட்டாரா? முகத்துக்கும் வந்தார். என் நிறம் ஸ்கிரீனுக்கு ஒத்துவராது என்று பவுடரை அப்பி அப்பிப் படம் எடுத்தார். அது போதாதென்று ஹேண்ட்போனில் வேறு வெளுக்க வைத்தார். இட்லி மாவு மாதிரி ஒருத்தி அதில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் செர்டாங் பக்கம் ஒரு நாடகம் எடுக்கப் போவதாகச் செய்தி வந்தது. கதாநாயகி பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கிற, வாய்த்துடுக்கான, எங்கள் கெடா மாநிலத்துக்காரி. கேட்டதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. என் அம்மா ஆயுள் முழுக்க மரம் வெட்டியவர். அந்த வேஷம் என்னுடையது. என் வாழ்க்கையில் அவ்வளவு நிச்சயமாக எதையும் நான் நினைத்ததில்லை.

ஏஜெண்ட் அந்த வெளுத்த படத்தை அனுப்பினார். மறுவாரம் கூப்பிட்டார்.

"டைரக்டர் வேணாங்கறாரு தங்கச்சி. பாத்தா டவுன் புள்ள மாரி இருக்கியாம். கோலாலம்பூர் பொண்ணு ஒன்ன போட்டுட்டாங்க."

அவர் தொடர்ந்தார். "அந்தப் பொண்ணுக்குத் தோட்டத்துப் பேச்சு வரலியாம். நீதான் தோட்டத்துப் புள்ளயாச்சே, ஒரு நாள் போயி சொல்லிக் குடேன். அடுத்த வேஷம் ஒனக்குத்தான் லா."

குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம். ஆனாலும் போனேன். அடுத்த வேஷம் என்றாரே, அந்த ஆசைதான்.

எண்ணெய்ச் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில் மிச்சமிருந்த ஒரு ரப்பர் காட்டோரம் வேனை நிறுத்தியிருந்தார்கள். உள்ளே குளிர்சாதனக் காற்றில் அந்தப் பெண் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். முகத்தில் கறுப்பு மை பூசிக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக என் நிறத்துக்கு வந்துகொண்டிருந்தாள்.

"எப்படிப் பேசணும், அக்கா?" என்று கேட்டாள். பாவம், நல்ல பிள்ளை. உள்ளபடியே சொல்லிக்கொடுக்கத்தான் வாயெடுத்தேன். வாசலில் கறுப்புக் கண்ணாடி எட்டிப் பார்த்தது. அந்த முகத்தைப் பார்த்ததும், இவர் கற்பித்த பாடத்தாலேயே இவர் மானம் போகட்டும் என்று தோன்றியது.

"வந்தாக, போனாக. எங்க, சொல்லு பாப்போம்" என்றேன்.

கெட்டிக்காரி, அரைநாளில் பிடித்துக்கொண்டாள். படப்பிடிப்பில் அவள் பேசப் பேச, இப்போது எல்லாரும் சிரிக்கப் போகிறார்கள் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டைரக்டர் துள்ளி எழுந்தார். "இதான் அசல் தோட்டத்துப் பேச்சு!"

"நம்ம பயிற்சிதான் சார்" என்றார் ஏஜெண்ட், நெளிந்துகொண்டே.

ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. நான் வைத்த ஆப்பில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும் அவர் எண்ணை அழித்துவிட்டேன்.

நாடகம் ஒளிபரப்பானபோது அம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்திலேயே முகம் கோணியது.

"யாருடி இவ? இந்தியாவுலருந்து வந்தவளா?"

"தோட்டத்துப் புள்ளயாம்மா. நம்ம கெடா."

"நம்ம தோட்டத்துல எவ லா இப்படிப் பேசுனா? எந்தக் கிறுக்கன் இவளுக்குச் சொல்லிக் குடுத்தான்?"

"நான்தாம்மா. படம் புடிக்கறப்ப நானும் அங்கதான் இருந்தேன்."

அம்மா டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவருக்கு ஏஜெண்டும் தெரியாது, டைரக்டரும் தெரியாது.

"அங்கதான் இருந்தேன்றியே. அப்புறம் நீயே நடிச்சிருக்கலாம்ல?" என்றார்.