குனூம் சாமி பின்வாங்கிய நாள்

எகிப்தில், நைல் நதி நடுவிலுள்ள ஆபு தீவுப் படகோட்டி பனக்து பிறந்தபோதே மருத்துவச்சி சிரித்தாளாம்: "குனூம் சாமி சக்கரத்துல மண்ணைக் கொஞ்சம் தாராளமா வச்சிட்டாரு." மனிதர்களையெல்லாம் களிமண்ணில் வனைகிற அந்த ஆட்டுத்தலைச் சாமிக்கு அன்று என்ன குஷியோ, ஊரிலேயே நெட்டையனாகவும் பலசாலியாகவும் வளர்ந்தான். விடுவார்களா? பிடித்துச் சாமி தூக்கவே போட்டுவிட்டார்கள். பதினெட்டு வருடமாகத் திருவிழாதோறும் தலையை மழித்து, ஆற்றிலேயே கிடப்பவன் மீனைத் தொடாமல் விரதமிருந்து, சாமி சிலையைப் பல்லக்குபோலச் சுமக்கும் படகின் முன்தண்டை இடது தோளில் ஏந்தினான்.

சாமியிடம் ஊரார் கேள்வி கேட்பார்கள். தோளில் இருக்கும் படகு முன்னே போனால் ஆமாம், பின்னே போனால் இல்லை. கழுதைத் திருட்டு முதல் வரப்புத் தகராறு வரை அப்படித்தான் தீரும். தூக்குகிற எட்டுப் பேரும் தங்கள் இஷ்டத்துக்குத் தள்ளுவதில்லை என்று சத்தியம் செய்தவர்கள். பனக்து ஒரு தடவைகூடத் தள்ளியதில்லை. அந்தப் பெருமையில்தான் பாவம் அவன் வாழ்ந்துகொண்டிருந்தான்.

அந்த வருட வெள்ளத் திருவிழாவில் பீர் காய்ச்சும் இனேத் முன்னால் வந்து நின்றாள். புருஷனை இழந்தவள், வாய் கொஞ்சம் நீளம். அவளைப் பார்ப்பதற்காகவே பனக்து இரண்டு வருடமாக அவள் கடையின் புளித்த பீரைக் குடித்து வந்தான்.

"சாமி, இந்த முன்தண்டுக்காரர நான் கட்டிக்கலாமா?" என்றாள்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பனக்துவின் கால்கள் முன்னே ஓடத் துடித்தன. சத்தியத்துக்குப் பயந்து குதிகாலை ஊன்றிப் பின்னால் சாய்ந்தான். அவன் சாய்ந்தால் சும்மாவா? மொத்தப் படகும் நாலடி பின்னால் போயிற்று.

இனேத் உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்பி நடந்தாள். வாயைத் திறந்தால் பதினெட்டு வருடப் பேரும் தண்டும் போகும். திறக்காவிட்டால் இவள் போவாள்.

"சாமி போகலை, நான்தான் போனேன்," என்று பனக்து கத்தினான்.

பூசாரி ஹோரி முறைத்தார். "ஆனைக்கும் அடி சறுக்கும்பாங்க. ஒனக்குச் சறுக்க இன்னைக்குத்தானா நாள் கெடைச்சுது? வெளிய வாய்யா. இனிமே நீ சாமியத் தொடவே கூடாது."

வெளியே வந்தான். இனேத் திரும்பி வந்து, "மறுபடி கேக்கறேன் சாமி," என்று தொடங்கினாள். முடிக்கவில்லை. நெட்டையன் இல்லாத மூலை சரிந்தது. படகு விழாமல் காக்க ஏழு பேரும் சரிந்த முன்பக்கமே தடதடவென்று ஓடினார்கள். வாத்துக் கூடைகள் உருண்டன, வாத்துகள் பறந்தன, சாமி நேராகப் பனக்துவின் மேல் மோதி அவனை மல்லாத்திவிட்டு நின்றார்.

பனக்து இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினான். "நான் தொடலைங்க."

"நீ தொடலை," என்றார் ஹோரி மூச்சு வாங்க. "அவருதான் வந்து தொட்டாரு. நான் என்ன பண்ணட்டும், ஆமாம்னு எழுதிக்கிறேன்."

ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. இனேத் அவன் தலைமாட்டில் குந்தினாள்.

"சாமிகிட்ட ரெண்டு தடவை கேட்டாச்சு. ஒன்னைத்தான் யாருமே கேக்கலை. நீ என்னய்யா சொல்ற?"