சபைக்கூடத்தில் நைனாவின் லோடு

நைனா, அதாவது எங்கள் அப்பா, லாரி ஓட்டினார். பயப்படுவதற்கென்றே பிறந்த மனிதர். போலீசுக்குப் பயப்படுவார், மழைக்குப் பயப்படுவார், வெட் புளூ லோடுக்கு மட்டும் எல்லாவற்றையும்விட அதிகமாகப் பயப்படுவார். வெட் புளூ என்றால் பாதி பதனிட்ட தோல். வெளிர்நீலமாக, பிழிந்த துணி மாதிரி ஈரமாக இருக்கும். அந்த ஈரம் போகாமல் பிளாஸ்டிக் தாளில் சுற்றி ராணிப்பேட்டையில் இறக்க வேண்டும். வழியில் காய்ந்தால் அட்டையாக விறைத்துக்கொள்ளும். அப்புறம் எவ்வளவு ஊறப்போட்டாலும் பழைய பதம் வராது.

நான் ஐந்தாவது படித்த வருஷம், மே மாத வெயிலில், நாயுடுபேட்டையிலிருந்து வந்த லோடோடு சித்தூரில் எங்கள் தெருமுனையிலேயே லாரி படுத்துவிட்டது. தார்ப்பாய்க்குக் கீழே சூடு ஏறிக்கொண்டிருந்தது. நைனா எங்கள் சர்ச் பாஸ்டரிடம் கெஞ்சி, கோயிலை ஒட்டிய சபைக்கூடத்தில் கட்டுகளை இறக்கிவைத்தார்.

"யாரும் கை வெக்காம பாத்துக்கோங்க ஐயா. இது கெட்டா ஓனர் சாவியப் புடுங்கிடுவாரு."

சொல்லிவிட்டு ஸ்பேர் பார்ட்ஸ் வாங்கத் திருப்பதிக்கு பஸ் ஏறினார். பாஸ்டரோ ஒரு சாவு வீட்டுக்குக் கூப்பிட்டார்கள் என்று கிளம்பிப் போய்விட்டார்.

அன்றைக்குச் சனிக்கிழமை. மறுநாள் நற்கருணை; மனசில் பாவத்தை வைத்துக்கொண்டு அந்த அப்பத்தைத் தொடக் கூடாது என்பார் பாஸ்டர். வழக்கம்போல சபைப் பெண்கள் கோயிலைக் கழுவ வந்தார்கள். முன்னால் வந்தவள் நைனாவின் அக்கா, என் அத்தை. அவளுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. பிளாஸ்டிக்குக்குள் நீர் கோத்திருந்ததைப் பார்த்ததும் பதறிப்போனாள்.

"ஐயோ, என் தம்பி பொழப்பு! ஈரத்தோட கட்டி வெச்சிக்கினு இருக்கானே, பூசணம் பூத்துடும்டி!"

பிறகென்ன, கட்டுகள் பிரிந்தன. தோல்கள் பெஞ்சுகள்மேல் விரிந்தன. கூடத்து ஃபேன்கள் எல்லாம் முழுவேகத்தில் சுற்றின. பெண்கள் கீர்த்தனை பாடிக்கொண்டே புரட்டிப் புரட்டிக் காயவைத்தார்கள். நைனா வந்தால் எவ்வளவு சந்தோஷப்படுவார் என்று நான் வாசலிலேயே காத்திருந்தேன்.

நைனா வந்தார். ஒரு தோலைத் தொட்டார். ஓரம் மொடமொடவென்றிருந்தது.

"ஃபேன நிறுத்துங்க! தண்ணி, தண்ணி கொணாங்க! பிளாஸ்டிக் கொடம்தான், இரும்பு வாளி வேணாம், துரு பட்டா கறையாயிடும்!"

அவர் கத்தி நான் கேட்டதே இல்லை. பெண்கள் ஓடினார்கள். தெளித்துத் தெளித்து மறுபடி சுற்றினார்கள். அத்தை மட்டும் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். காப்பாற்றினது போக, மேலே கிடந்த தோலெல்லாம் விறைத்துவிட்டது. அந்த நேரம் பார்த்து ஓனர் போன் செய்தார். நைனா மறைக்காமல் சொன்னார். யார் பிரித்தது என்று ஓனர் போட்ட சத்தம் எனக்கே கேட்டது.

நைனா அத்தையைப் பார்த்தார்.

"நான்தான் சார். பூசணம் புடிக்கும்னு நானே பிரிச்சிட்டேன்."

"ஏமய்யா, இத்தினி வருஷம் ஓட்டிக்கினு இதுகூடத் தெரியாதா? லோட எறக்கிட்டு சாவிய ஆபீஸ்ல குடுத்துட்டுப் போ!"

நான் பயந்துபோனேன். சாவி போனதற்காக அல்ல. கோயிலை ஒட்டிய கூடத்தில் நின்றுகொண்டு நைனா பொய் சொல்கிறாரே! பொய் சொல்கிறவர்களுக்கு என்ன ஆகும் என்பதை ஞாயிறு பள்ளியில் எங்களுக்கு விவரமாகவே சொல்லியிருந்தார்கள். அவர் தலையில் இடி விழக் கூடாது என்று விடிய விடிய ஜெபம் செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை இடி ஒன்றும் விழவில்லை. ராத்திரியோடு லாரியைச் சரிசெய்து, ராணிப்பேட்டையில் லோடை இறக்கி, சாவியையும் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பிய நைனா ஆண்கள் பக்கம் கடைசியில் உட்கார்ந்திருந்தார். அப்பம் வாங்க வரிசை எழுந்தபோது அவர் எழவில்லை. பெண்கள் வரிசையில் பாதி தூரம் போயிருந்த அத்தை திரும்பி அவரைப் பார்த்தாள். பிறகு நடந்துவந்து என் பக்கத்தில் உட்கார்ந்து முக்காட்டை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டாள். பாஸ்டர் கிண்ணத்தை மூடும்வரை இரண்டு பேரும் அசையவில்லை.

இரண்டு பேருக்கும் சண்டை போலிருக்கிறது, எப்போது பேசிக்கொள்வார்களோ என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.