வெறும் வயிற்றில் கப்பலேறிய அத்தை

சாதாரண தரப் பரீட்சையோடு பள்ளிக்கூடத்தை முடித்தவன் நான். எழுத வந்ததற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். கப்பலில் போகப்போகிற யாருக்காவது உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

வாந்தி வந்தால் பிடிக்க என்று முந்தானைக்குள் அத்தை மடித்து வைத்திருந்த சிலிசிலி பிளாஸ்டிக் பைதான் முதலில் ஞாபகம் வருகிறது. அத்தை என் மனைவியின் தாய். இரத்தோட்டைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, அவருடைய அக்கா தலைமன்னாரில் கப்பலேறி இந்தியாவுக்குப் போய். அந்த அக்காவைப் பார்க்கத்தான் காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்குப் புறப்பட்டோம். மனைவிக்குப் பாஸ்போர்ட் வந்து சேரவில்லை. துணைக்கு நான் போனேன்.

மருமகன் முன்னால் அத்தை நிமிர்ந்தும் பேசமாட்டார். எனக்கும் கூச்சம். ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கொடுக்கச் சொல்லி மாத்தளை ஃபார்மசியில் தந்த வாந்தி மாத்திரை என் சட்டைப்பையில் இருந்தது. வாந்தி வருமா என்று எப்படிக் கேட்பது எனத் தயங்கியே நேரம் போய்விட்டது. அவரோ என் முன்னால் வாந்தி எடுத்துவிடக்கூடாது என்று முந்தின நாளே சாப்பாட்டை நிறுத்தியிருக்கிறார். எங்கள் ஊரில், வளைந்து வளைந்து மலையேறும் ரிவர்ஸ்டன் பஸ்ஸில் ஏறுகிறவர்கள் செய்வது அதுதான். காலையில் சீனி வருத்தத்துக்கு, அதாவது சர்க்கரை நோய்க்கு, போடும் மாத்திரையை மட்டும் விழுங்கியிருக்கிறார்.

கரை மறைந்த கொஞ்ச நேரத்தில் அத்தைக்கு வியர்த்துக் கை நடுங்கியது. கப்பலில் வேலை செய்த பெண் வந்து, "என்னம்மா சாப்பிட்டீங்க?" என்றாள். அத்தை என்னைப் பார்த்தார். நான் எழுந்து தள்ளி நின்ற பிறகுதான் சொன்னார்.

வெறும் வயிற்றில் மாத்திரை போட்டதால் உடம்பில் சீனி இறங்கிவிட்டது என்று சொல்லி, அவள் சீனி நிறையப் போட்டுத் தேநீர் கொண்டுவந்தாள். முதல் மிடறு வெளியே வந்தது. பையை நான்தான் பிடித்தேன். அடுத்தது தங்கியது. ஆட்டம் குறைந்த நடு இருக்கைக்கு மாற்றி, கண்ணை மூடாமல் தூரத்தில் வானம் கடலைத் தொடும் இடத்தையே பார்க்கச் சொன்னாள். பிறகு பிஸ்கட், கொஞ்சம் கொஞ்சமாக.

"எறங்குனதும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருவாங்களா? அக்கா வந்து நிப்பாளே" என்று அத்தை அவளிடம் கேட்டார்.

"நீங்க நடந்துதான் போவீங்க. இன்னொண்ணு சாப்பிடுங்க" என்றாள் அவள்.

"மாப்பிள்ளைக்கு முன்னால இப்படி ஆகிப்போச்சு."

"ரிவர்ஸ்டன் பஸ்ஸுல நான் எத்தனை தடவ எடுத்திருக்கேன், அத்தை. உங்க மகளைக் கேளுங்க."

"தெரியும். கல்யாணத்துக்கு முந்தியே சொல்லிட்டா."

நாகப்பட்டினத்தில் அத்தை தானே நடந்து இறங்கினார். வெளியே நின்ற அக்கா, "ஏன்டி இப்படி வெளிறிப்போயிருக்க?" என்றார். "ஒண்ணுமில்ல, கடல் காத்து" என்றார் அத்தை. இப்போது யார் பயணம் புறப்பட்டாலும், சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா என்று கூச்சமில்லாமல் கேட்டுவிடுகிறேன்.

மறுநாள் காலை அக்கா வீட்டில், என் எதிரே உட்கார்ந்து அத்தை நான்கு இட்லி சாப்பிட்டார்.