வலை கரையேறும்வரை

எங்கள் அக்காவின் இறுதிக் கிரியை பிந்தியது பற்றிச் செத்தவீட்டிலேயே சிலர் கதைத்தார்கள். அவர்களுக்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

அக்கா துறைமுகப் பட்டினத்து ஓர்ஸ் ஹில்லில் மூத்த பெண்ணாகப் பிறந்தார். வெள்ளைக்காரர் துறைமுகத்தை விட்டுப் போனபோது அப்பாவின் வேலையும் போனது. அக்கா, மீன்பிடிக் கிராமமான உப்புவெளியில் கிராமசபை நடத்திய பாலர் பாடசாலைக்கு ஆசிரியையாகச் சைக்கிளில் போகத் தொடங்கினார். குமர்ப்பிள்ளை சைக்கிளோ என்று சொந்தக்காரரே மூக்கில் விரல் வைத்தார்கள். அவர் பெல்லை அடித்துக்கொண்டு போனார்.

அங்கே காலை எட்டு மணிக்கு வகுப்பில் ஆளில்லை. தகப்பன்மார் கரைவலை இழுப்பார்கள், தாய்மார் மீனைத் தெரிந்து பிரிப்பார்கள், சின்னதுகளும் கரையிலேயே நிற்கும். வலை கரையேறிய பிறகுதான் குளித்துவிட்டு வரும். சபைத் தலைவர் எட்டு மணிக்கு வந்து பார்த்தார்.

"பிள்ளையளே இல்லை ரீச்சர். இந்த மாதத்தோடை மூடுவம்."

"பிள்ளையள் இருக்கினம் ஐயா. உங்கட நேரம்தான் பிழை. வலை ஏறினாப்பிறகு தொடங்குவம்."

"சபையின்ரை நேரத்தை மாத்த ஏலாது."

"அப்ப நான் இடத்தை மாத்திறன்."

மறுநாளே கடற்கரைப் பூவரசின் கீழ் பாய்களை விரித்தார். எட்டு மணிக்கே பாய் நிறைந்தது. கடற்கரைதானே என்று ஒன்றையும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. நகம் பார்த்தார். பாட்டும் கதையும் குறையவில்லை. கால் கழுவாமல் எவரும் பாயில் ஏற முடியாது. தலைவர் கோபத்தோடு வந்து பாயில் கால் வைக்க, நாலு வயதுப் பெண்பிள்ளை ஒன்று மறித்தது. "சப்பாத்தோடை ஏறக்கூடாது. காலைக் கழுவிப்போட்டு வாங்கோ!"

மனிதர் சிரித்துவிட்டார். கழுவினார், இருந்தார், பாட்டு முடியும்வரை எழும்பவில்லை. அடுத்த கிழமை பாடசாலை கட்டடத்துக்குத் திரும்பியது, அக்கா கேட்ட நேரத்தோடு.

கலியாணம் கட்டவில்லையே என்று அக்காவுக்கு இரங்கியவர்களே, உங்கள் இரக்கம் அவருக்குத் தேவைப்படவில்லை. கடைசி நாட்களில் நோய்ப் படுக்கையில் கிடந்தும், "வலை ஏறிட்டுதோ?" என்றுதான் கேட்டார்.

பத்து மணிக்குப் பிரேதம் எடுப்பதாக இருந்தது. உப்புவெளிச் சனம் வந்து சேரவில்லை.

"நேரம் போகுது, தூக்குங்கோ," என்றார்கள் பெரியவர்கள்.

"ஏலாது," என்றேன்.

கடைசியில் உப்புவெளியார் கரையிலிருந்து நேரே, இடுப்பில் ஈரச் சாரத்தோடும் மீன் மணத்தோடும் வந்தார்கள். ஒருவரும் சொல்லாமலே வாசலில் கால் கழுவி உள்ளே வந்தார்கள். எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை.

வைத்தியசாலையில் பார்த்துக்கொண்டோருக்கும், தேத்தண்ணியோடு ஓடிவந்த கிண்ணியா ஊர் நண்பர்களுக்கும், எங்களோடு வெயிலில் காத்து நின்ற எல்லோருக்கும் நன்றி. பிந்தியதற்காக ஒருவரிடமும் மன்னிப்புக் கேட்கமாட்டேன். வலை கரையேறியது. பிறகுதான் அக்காவைத் தூக்கினோம்.

தங்கை