கழுதை தின்னாத பூ

றெபேக்கா அக்காவின் மாதா தோட்டத்தைக் கழுதை தின்றது என்றுதான் எங்கள் ஊரில் இன்றைக்கும் சொல்கிறார்கள். கேட்டுக் கேட்டு எட்டு வருடமாக எனக்கு வயிறு எரிகிறது. கழுதை தின்றது உண்மைதான். மன்னார்த் தீவில் கழுதை எதைத்தான் தின்னாது? சீமெந்துப் பையைத் தின்னும், தேர்தல் நோட்டீசையும் தின்னும். ஆனால் அந்தக் கழுதைகளுக்கு வழி திறந்துவிட்டது யார்? அதை ஒருவரும் சொல்வதில்லை. அதனால் நான் எழுதுகிறேன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள். ஊர்ப் பெயரை மட்டும் எழுதவில்லை. பேசாலையைத் தாண்டிக் கடற்கரைப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சம்பந்தப்பட்ட லெம்பேட் அண்ணன் இதை வாசிக்க மாட்டார். அவர் பேப்பரில் மரண அறிவித்தல் மட்டும்தான் பார்ப்பார்.

அக்கா வங்காலையில் பிறந்தவர். அமிர்தநாயகம் அண்ணனைக் கட்டிக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்தார். அண்ணன் கடலுக்குப் போவார், அக்கா கடற்கரை மீன் வாடியில் மீன் வெட்டி உப்புப் போட்டுக் கருவாடு காயவைப்பார். சண்டை நேரம் எல்லாரையும் போல அவர்களும் ஓடினார்கள். ஓடும்போது அக்கா மாதாவுக்கு ஒரு நேர்த்தி வைத்தார்: திரும்பி வரும்போது வீட்டில் ஒரு சுவராவது நின்றால், அந்தச் சுவரடியில் உமக்கு ஒரு தோட்டம் போடுவேன் என்று. வந்து பார்த்தால் ஒரேயொரு சுவர்தான் நின்றது.

"நான் ஒண்டு கேட்டன், அவ சரியா ஒண்டை விட்டு வைச்சிருக்கிறா. ரெண்டாக் கேட்டிருக்க வேணும்" என்று சொல்லிச் சிரித்தார். வீடு கட்டி முடிந்த வருடமே அண்ணன் காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. பிறகு அக்காவுக்குத் தோட்டம்தான் எல்லாம்.

எங்கள் மண் வெறும் மணல். கிணற்றுத் தண்ணீரில் தேத்தண்ணி போட்டால் உப்புக் கரிக்கும். இதில் றோசா வைக்கப் போகிறேன் என்றால் யார் நம்புவார்? நான்தான் முசலிப் பக்கத்திலிருந்து கையால் பிடித்து ஓட்டுகிற என் லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் செம்மண் ஏற்றி வந்து பறித்தேன். எருவுக்கு றசாக் நானாவின் ஆட்டுப்பட்டிக்குப் போனோம். எதற்கு என்று கேட்டார். சொன்னோம். "மர்யம் நாயகிக்கெண்டா காசு வேணாம் புள்ள, அள்ளிக்கொண்டு போ. என்ட ஆடுகளுக்கும் கொஞ்சம் நன்மை கிடைக்கட்டும்" என்றார்.

தோட்டத்தைச் செபமாலை மாதிரியே போட்டார் அக்கா, அதில் தியானிக்கிற ஒவ்வொரு வகை இரகசியத்துக்கும் ஒரு பாத்தி. சந்தோஷ தேவ இரகசியங்களுக்கு வெள்ளை மல்லிகை. துக்கத்துக்குச் சிவப்பு றோசா, முள்ளோடு. மகிமைக்கு மஞ்சள் செவ்வந்தி. ரோமாபுரியில் ஒளியின் இரகசியங்கள் என்று புதிதாகச் சேர்த்தார்களே, அதற்கும் ஒரு பாத்தி வெட்டிச் சூரியகாந்தி வைத்தார். "அவையள் அங்க இருந்து சேர்க்கினம், தண்ணி அள்ளுறது நானெல்லே" என்று முணுமுணுத்துக்கொண்டுதான் வைத்தார். நடுவில் முருகைக்கல்லில் குகை மாதிரிச் சின்னக் கெபி கட்டி மாதாவின் சுரூபத்தை வைத்தார். சுற்றிவரப் பழைய மீன்வலையால் வேலி. அந்த வலையில் நீலச் சங்குப்பூவைப் படர விட்டிருந்தார். அது மாதாவின் முக்காடாம். வெளியால், வீட்டுக்கு முன்னால் போகிற குறுகிய ஒழுங்கையின் கரையில், யாரும் நடாமல் பட்டிப்பூ, நித்தியகல்யாணி என்றும் சொல்வார்கள், தன்பாட்டுக்கு முளைத்துக் கிடந்தது. அதை அக்கா கணக்கில் எடுக்கவில்லை.

நல்ல தண்ணீருக்குக் கோயில் கிணற்றுக்குத்தான் போக வேண்டும். வாடியில் நாள் முழுக்கக் குனிந்து நின்ற பெண், பிறகு இடுப்பில் குடத்தோடு நடப்பார். குளித்த தண்ணீரை வீணாக்க மாட்டார், அரிசி கழுவின தண்ணீரையும் விட மாட்டார். ஒரு வாளித் தண்ணீரை நான் காலில் ஊற்றிக் கழுவினதற்கு எனக்கு விழுந்த ஏச்சு இருக்கிறதே, என் சொந்த அம்மாகூட அப்படி ஏசியதில்லை.

இவ்வளவும் எதற்கு? திருவிழாவுக்கு முதல் நாள் பின்னேரத்துக்காக. மாதாவின் சுரூபத்தை மரக்கூட்டில் வைத்துத் தோளில் சுமந்துகொண்டு ஒழுங்கை ஒழுங்கையாகச் சுற்றுவது எங்கள் ஊர் வழக்கம். படலைக்குப் படலை கூடு நிற்கும். அந்தந்த வீட்டார் தங்கள் கையால் பூ வைப்பார்கள். அக்காவின் ஒழுங்கையில் இருப்பதெல்லாம் ஓலைக் கொட்டிலும் தகரக் கொட்டிலும்தான். வருடத்தில் ஒருநாள் மாதா அந்த வழியால் வருவார். அக்கா தட்டில் நாலு பாத்திப் பூவும் சங்குப்பூவும் வைத்துக்கொண்டு படலையில் நிற்பார். அந்த ஒரு நிமிடத்துக்குத்தான் வருடம் முழுக்கத் தண்ணீர் சுமந்தார்.

அந்த வருடம் வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊர்ச் சனம் புதுக்கூடு செய்ய உதவியது. அவர்களில் பிழையில்லை. சில்லு பூட்டின பெரிய தட்டு, வளைவு, கலர் லைட், பின்னால் ஜெனரேட்டர். பூவெல்லாம் பிளாஸ்ரிக். இழுக்கிறதற்கு என் லேண்ட்மாஸ்டரைக் கேட்டார்கள். ஓம் என்றேன். அளந்து பார்த்தால் அக்காவின் வீட்டு மூலையில் கூடு திரும்பாது. திருவிழாக் குழுத் தலைவர் லெம்பேட் அண்ணன் வந்தார்.

"பிள்ளை, இந்த வலையை ஒரு பின்னேரத்துக்குக் கழட்டி விடு."

"கழட்டினா கழுதை வரும் அண்ணை."

"கழுதைக்குப் பயந்து மாதாவை மறிக்கிறியோ?"

"நான் மறிக்கேல்ல. நீங்கள்தான் மாதாவைக் கொழுக்க வைச்சிட்டியள். போன வருசம் வரைக்கும் இந்த ஒழுங்கையால போய் வந்தவதானே?"

நான் சிரித்துவிட்டேன். லெம்பேட் அண்ணன் என்னை முறைத்தார். பிறகு, சனம் கலைய முதல் வேலியைத் திரும்பக் கட்டித் தருவதாக மாதாவின் பேரில் சத்தியம் செய்தார். கெபிக்கு முன்னால் நின்று, தலையில் கை வைத்துச் செய்தார். அதற்கு நான் சாட்சி. அக்கா சம்மதித்தார். சங்குப்பூக் கொடி அறாமல் வலையைத் தானே கழற்றிச் சுருட்டி வைத்தார்.

கூடு வந்தது. மூலையில் திரும்பியது. படலையில் அக்கா தட்டோடு நின்றார். நான் நிறுத்தினேன். லெம்பேட் அண்ணன் ஒலிபெருக்கியிலேயே கத்தினார்: "கொலின்ஸ், நிப்பாட்டாத! எடு எடு! கூட்டில இடமில்லை, பச்சைப் பூவின்ர ஈரம் லைட்டில பட்டா வயர் பழுதாப் போயிடும்!"

மாதாவின் கூட்டில் பூவுக்கு இடமில்லை! கேட்டீர்களா? நான் எஞ்சினை விட்டு இறங்கி, அக்காவின் கைத்தட்டை வாங்கி லேண்ட்மாஸ்டரின் முன்பக்கத்தில் கட்டினேன். "கூட்டில இல்லாட்டி என்ர எஞ்சினில இருக்கு" என்றேன். டீசல் புகையில் அந்த மல்லிகை கோயில் வரைக்கும் வந்தது. கோயிலடியில் வேலியைப் பற்றி லெம்பேட் அண்ணனிடம் கேட்டேன். "பெடியளை அனுப்பிட்டன், நீ உன்ர வேலையைப் பார்" என்றார். அந்தப் பெடியன்கள் முழுப்பேரும் மேடைக்கு முன்னால் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். அக்காவும் அந்தச் சத்தியத்தை நம்பி இரவுச் செபத்துக்குக் கோயிலில் இருந்துவிட்டார்.

காலையில் பூசைக்குப் போகிற வழியில் பார்த்தேன். ஒரு கூட்டம் கழுதை. றோசாவை முள்ளோடு கடித்துக்கொண்டு நின்றன. சூரியகாந்தி தண்டோடு இல்லை. மல்லிகைப் பாத்தியில் ஒன்று படுத்துப் புரண்டுகொண்டிருந்தது. கெபிக்குப் பின்னால் சாணம். அக்கா கையில் விளக்குமாறோடு நின்றார், அடிக்கவில்லை. "அதுகளுக்கு என்ன தெரியும்? சத்தியம் செய்தது அதுகளோ?" என்றார்.

தப்பியது ஒழுங்கைக் கரைப் பட்டிப்பூ மட்டும். கசப்பு, கழுதை வாய் வைக்காது. அதைப் பறித்துத் தட்டில் வைத்துக்கொண்டு அக்கா திருவிழாப் பூசைக்கு வந்து பீடத்தடியில் வைத்தார். மாதா சபையின் தலைவி எழும்பி வந்து, எல்லாரும் பார்க்க, அந்தத் தட்டைத் தூக்கி வெளியே வைத்தார்.

"இது சேமக்காலையில சவக்குழிக்கு மேல முளைக்கிற பூவெல்லே. திருநாளுக்கு ஆரும் இதைக் கொண்டருவினமோ?"

"யேசு ஆண்டவர் எழும்பினதும் கல்லறையடியிலதான் மகள்" என்றார் அக்கா. குரலை உயர்த்தவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்த் தன் கெபியில் வைத்தார்.

குழுக் கூட்டத்தில் நான் எழும்பிக் கேட்டேன். "கழுதை செய்ததுக்கு நாங்கள் என்ன செய்யிறது?" என்றார் சத்தியம் செய்த மனிசன். அத்தனை பேரும் சிரித்தார்கள். அடுத்த வருடம், அந்த ஒழுங்கையால் போனால் தகராறு வருகிறது என்று கூட்டைத் தார் றோட்டாலேயே கொண்டுபோனார்கள். தகராறு! ஒரு மனிசியின் தோட்டத்தை அழித்துவிட்டு, அவர் வாசலுக்கு மாதாவையும் வரவிடாமல் செய்ததற்கு அவர்கள் வைத்த பெயர் அது. அந்த ஒழுங்கைச் சனம் முழுக்கப் பூவைக் கையில் வைத்துக்கொண்டு றோட்டுக்கு ஓடினது. நான் இனி உங்கள் கூட்டை இழுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வெளியூரில் இருந்து ஒரு ட்ராக்டர் பிடித்தார்கள்.

அக்கா என்ன செய்தார் தெரியுமா? வலையைத் திரும்பக் கட்டவேயில்லை. எல்லாப் பாத்தியிலும் பட்டிப்பூவை நட்டார், வெள்ளையும் ஊதாவும். "எண்ணிப் பார், அஞ்சு இதழ். ஆண்டவரின்ர அஞ்சு காயம். முன்னமே இது எனக்கு விளங்கேல்ல" என்றார். உப்புத் தண்ணீரிலும் அது பூத்தது. கழுதைகள் வந்து மோந்து பார்த்துவிட்டு, தும்மிக்கொண்டு போயின. திருவிழாவுக்குத் திருவிழா லெம்பேட் அண்ணனிடம் போய், "வேலி இல்லை அண்ணை, பாதை அகலம், இந்த முறை எங்கட பக்கம் வாங்கோ" என்று சொல்லுவார். அவர் "பாப்பம், பாப்பம்" என்பார். பாதர்மார் மாறிமாறி வந்தார்கள். அவர்களும் பாப்பம் என்றார்கள். பார்க்கிறவர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். தார் றோட்டில் பாட்டுப் போகிற சத்தம் மட்டும் அக்காவுக்குக் கேட்கும். படலையில் தட்டோடு நின்று கேட்பார், பிறகு உள்ளே போவார். ஒரு வருடமும் தவறவில்லை.

இந்த வருடம், ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில், அக்காவுக்குச் சிறுநீரகம் பழுதாகி மன்னார் ஆஸ்பத்திரியில் கிடந்தார். நான் பார்க்கப் போன அன்று சொல்வதற்கு என்னிடம் ஒரு புதினம் இருந்தது. ட்ராக்டர்க்காரன் வண்டியை விற்றுவிட்டு வெளிநாடு போய்விட்டான். லெம்பேட் அண்ணன் என் வீட்டு வாசலில் வந்து நின்று, கூட்டை நீதான் இழுக்க வேண்டும் தம்பி என்று கெஞ்சினார். நான் பெருமையாகச் சொன்னேன்:

"உங்கட கழுதையளைப் பிடிச்சுக் கட்டுங்கோ எண்டு முகத்துக்கு நேர சொல்லிப்போட்டன் அக்கா."

மெச்சுவார் என்று நினைத்தேன். கட்டிலில் இருந்தபடியே என் கையில் அடித்தார்.

"மடையா! எட்டு வருசமா நான் ஏன் வேலி கட்டாமக் கிடந்தனான்? போய் ஓமெண்டு சொல்லு."

"அவங்கட கூட்டை நான் இழுக்கவோ அக்கா?"

"அவங்கட கூடோ? மாதான்ர கூடு. நீ ஓமெண்டு சொல்லிப்போட்டு வாயை மூடிக்கொண்டிரு. திருவிழாவுக்கு முதல் நாள் றோட்டால வாறாய் எல்லே, எங்கட ஒழுங்கைச் சந்தி வந்த உடன கைபிடியைத் திருப்பு. லெம்பேட் அண்ணை கத்துவார், கத்தட்டும். மூலையில மெள்ளத் திரும்பு, தோட்டத்துக்கு மேலால ஏத்து. பூவில சில்லு ஏறினாப் பரவாயில்லை, அது திரும்ப முளைக்கும். படலைக்குப் படலை நிப்பாட்டு. என்ர படலையில நிண்டு, நீயே இறங்கி ஒரு பட்டிப்பூப் பிடுங்கி அவவின்ர காலடியில வை."