சுவரோர நாற்காலி

லண்டனில் காட்சிசாலையாக மாறிவிட்ட ஒரு பழைய மாளிகையில் நான் துப்புரவு வேலை செய்தேன். அதன் நடன மண்டபத்துக்குக் காவலாளி ஒரு தமிழர். நெடிய ஆள், சீருடைக் கோட்டின் கை அவர் மணிக்கட்டுவரை எட்டாது. தூசி துடைப்பது என் வேலை. ஆனாலும் சுவரோரம் இருந்த கடைசி நாற்காலியை மட்டும் அவர் தன் கைக்குட்டையால் துடைப்பார்.

ஒருநாள் கூச்சத்தை விட்டு ஏன் என்று கேட்டேன்.

"இருநூறு வருசத்துக்கு முந்திப் பிரபுக்களின்ரை பெட்டையள் மாப்பிள்ளை தேடினது இஞ்சைதான், தங்கச்சி. ஆடக் கேட்டவனை ஒருக்கா வேண்டாமெண்டால், அண்டைக்கு வேறை ஆரோடையும் ஆடேலாது. இதிலை குந்தியிருக்க வேண்டியதுதான்."

"பாவங்கள்! நல்லகாலம், நாங்கள் அப்பிடியில்லை அண்ணை" என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. "என்ரை மகள் ஒரு பெடியனை வேண்டாமெண்டவள். ஆறு வருசமாச்சு. பிறகு வாற சம்பந்தமெல்லாம் அதைக் கேள்விப்பட்டு நிண்டுபோகுது. போன மாசமும் விம்பிள்டன் கோயிலிலை பெண் பார்க்க வாறமெண்டவை வரேல்லை."

போன மாதம் என் மகனுக்குப் பெண் பார்க்க அந்தக் கோயிலுக்குத்தான் போவதாக இருந்தோம். முன்பே ஒருவனை மறுத்தவள் என்று தரகர் சொன்னதும், போகவேண்டாம் என்றது நான்தான்.

மகளின் பெயரைக் கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

மறுநாள் அவர் வருமுன்பே அந்த நாற்காலியை நன்றாகத் துடைத்துவைத்தேன். அவர் வந்து மறுபடியும் துடைத்தார்.